கைமாத்து

ரோஸ்லினுக்கு இரண்டு மணிக்கட்டும் வலித்தன. தூக்கத்திலும் பிடியை விடாமல் கிடந்தால் அப்படித்தான் வலிக்கும். மகள் ஜெசிந்தாவுக்கு நாலு வயது, உடம்பெல்லாம் கரப்பான் புண். அவள் கைகளைத் தன் கைகளுக்குள் பூட்டிக்கொண்டு படுத்தால்தான் சொறியாமல் இருப்பாள். பிடி தளர்ந்தால் விடியும்போது போர்வையில் ரத்தம் இருக்கும்.

அந்த மணிக்கட்டோடு இறால் கம்பெனிக்கு வந்து ஐஸ் தண்ணீரில் கையை விட்டாள். குளிர் ஏறியதும் வலி மரத்துப் போனது. வேலைக்கு வருவதில் அது ஒன்றுதான் லாபம்.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்தது அந்தக் கொட்டகை. பெண்கள் நீள மேசையின் இரு பக்கமும் நின்று இறால் உரிப்பார்கள். தலையைத் திருகி, தோட்டை உரித்து, முதுகைக் கீறி, உள்ளே ஓடும் கறுப்பு நரம்பை நகத்தால் இழுத்துப் போட வேண்டும். நரம்பு நூலளவு மிச்சமிருந்தாலும் வாங்குகிறவன் பெட்டியோடு திருப்பி அனுப்புவான். கம்பெனி கிளவுஸ் கொடுக்கும். ஆனால் ரப்பருக்குள் இருக்கும் நகத்தில் நரம்பு அகப்படாது. அதனால் புதுக் கிளவுஸ் வந்ததும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டின் நுனியையும் கத்தரித்துவிட்டுத்தான் போடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்தக் கொட்டகையில் கிளவுஸ் என்றால் அதுதான்.

"ஏட்டி, நின்னுக்கிட்டே தூங்குதியே. இறாலு ஒன்ன உரிச்சிரப் போவுது" என்றாள் பக்கத்தில் நின்ற பேச்சியம்மாள். ரோஸ்லினைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். புருஷன் செத்து வருஷமாகிறது, பிள்ளை கிடையாது.

"ராத்திரி பூரா அவ விடலக்கா."

"இன்னுமா? அதான் நீ வாங்கிக்கிட்டியே?"

"வாங்கினேன். பாதிதான் கொறஞ்சுது. மிச்சம் அவகிட்டயே நிக்கி. இன்னொரு ஆளு வாங்கினாத்தான் முழுசாப் போவுமாம்."

எதிர்ப்பக்கம் நின்ற சண்முகத்தாய் தலையை நிமிர்த்தினாள். கொட்டகையில் எந்தச் சீட்டானாலும் அவள்தான் தலை. யார் யாருக்கு என்ன பாக்கி என்பது முழுக்க அவள் மண்டைக்குள் இருக்கும்.

"அந்தத் தோல் நிலையத்து மிஷினையா சொல்லுத? அது என்னதான் பண்ணுது? எனக்கு இன்னும் வெளங்கலட்டி."

"பிள்ள ரத்தத்துல ஆன்டிபாடின்னு ஒண்ணு ஓடுதாம். காவக்காரன் மாதிரின்னாவ. ஆனா புத்தி கெட்டவன். இறால் வாசம் பட்டாப் போதும், திருடன் திருடன்னு கத்துவானாம். அவன் கத்துற கத்துதான் மேலெல்லாம் கரப்பானா வருது."

"குடிகாரக் காவக்காரன்" என்றாள் பேச்சியம்மாள்.

"அவளுக்கு நீ இறாலே குடுத்ததில்லியே?" என்றாள் சண்முகத்தாய்.

"குடுக்க வேண்டாமாம். என் சேலையில போவுது. தலமுடியில போவுது. நான் கட்டிப்பிடிச்சாப் போதுமாம்."

மேசையில் நின்றவர்களில் நாலைந்து பேர் கையை நிறுத்தினார்கள். அவர்கள் வீட்டிலும் சொறியும் பிள்ளைகள் இருந்தன. கொட்டகைக்காரிகளின் பிள்ளைகளுக்குக் கரப்பான் வருவது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எதனால் என்று இப்போதுதான் தெரிந்தது.

ரோஸ்லின் சொன்னாள்: "நம்ம உடம்புல இருக்கது வேற காவக்காரனாம். வருசக்கணக்கா இறால்லயே ஊறிக் கெடக்கோம்லா? அவன் இறாலப் பாத்தா, போ போ, நம்ம ஆளுதான்னு விட்டுருவானாம். மிஷின் அவன எடுத்துப் பிள்ளைக்குள்ள விடும். பிள்ளைக்குள்ள இருக்க குடிகாரன நமக்குள்ள விடும். பிள்ளைக்கு அமைதி வரும். நமக்கு ஒரு மாசம் அரிக்கும். பெறகு அவன் செத்துருவான்."

"எதுக்கு நமக்குள்ள விடணும்? எடுத்ததக் கொட்டிர வேண்டியதுதான?"

"கேட்டேன். எடுத்துக் கொட்டுற மிஷின் தனியா இருக்காம். அது மெட்ராஸ்ல பெரிய எடத்துல நிக்கி. இங்க வந்தது மாத்துற மிஷின்."

எது மெட்ராஸில் நிற்கும், எது தூத்துக்குடிக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

"பிள்ளைக்கி அப்பன் வாங்கக் கூடாதோ?" என்றாள் ஒருத்தி.

"இறாலப் பிடிக்கிறவன் ஒடம்புல அந்த அமைதி இருக்காதாம். உரிக்கிறவ ஒடம்புலதான் இருக்குமாம்."

"அப்ப அவன் ஒடம்புல என்னதான் இருக்காம்?"

"கொறட்ட" என்றாள் ரோஸ்லின். மேசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. மேற்பார்வை பார்க்கும் குரூஸ் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கையால் தட்டினார். கைகள் மறுபடி இறாலுக்குள் போயின.

கொஞ்ச நேரம் கழித்துச் சண்முகத்தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "சீட்டாப் போட்டுருவோமா? மாசத்துக்கு ஒரு பிள்ள. ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி வாங்கணும். மொதல்ல ரோசு பிள்ள."

"இது சீட்டு இல்லட்டி" என்றாள் பேச்சியம்மாள். "சீட்டுன்னா கழிவு வரும், தள்ளு வரும். அரிப்புல என்னத்தக் கழிப்ப? இது கைமாத்து. உப்பு வாங்குன மாதிரி. வாங்குனத வாங்குன மாதிரியே திருப்பிக் குடுக்கணும்."

"சரி, கைமாத்துன்னே வையி. ரோசுக்கு யாரு வாங்குதிய?"

எல்லோரும் இறாலைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஒரு மாதம் அரிப்பு என்பதை அவர்கள் பிள்ளைகளிடம் பார்த்திருந்தார்கள்.

"நான் வாங்குதேன்" என்றாள் பேச்சியம்மாள்.

"ஒனக்குத்தான் பிள்ள இல்லியே. ஒனக்கு என்ன திருப்பிக் குடுக்க?"

"எனக்கு இந்தக் கைதான் பிள்ள. இதுதான் சோறு போடுது. நாளைக்கு இது கெட்டுப்போச்சுன்னா ரோசு வாங்கணும். அவ்வளவுதான் பேச்சு. என்னட்டி?"

"வாங்குதேன்" என்றாள் ரோஸ்லின்.

"மாதா மேல சொல்லு."

"மாதா மேல."

"ஒங்க மாதா கோவக்காரியா?"

"இல்லக்கா."

"அப்ப எங்க காளியாத்தா மேலயும் ஒருவாட்டி சொல்லிரு."

ரோஸ்லின் அதையும் சொன்னாள்.

*

தோல் நிலையத்து டாக்டர் மிருதுளா கோயம்புத்தூர்க்காரி. சின்ன வயது. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. அவளும் சரியாகத் தூங்குகிறவள் இல்லை. ஜெசிந்தாவின் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். திரையில் ஒரு எண் வந்தது.

"போன தடவைக்கு இது பாதிங்க. தோலும் பாதி. பாத்தீங்களா? குழந்தைங்களுக்கு ரத்தத்துல எவ்வளவு இருக்கோ, அவ்வளவு தோல்ல தெரியும். இன்னொரு தடவை மாத்தினா பாப்பாவோட உடம்பே அமைதியைக் கத்துக்கும். அப்புறம் யாரும் வாங்க வேண்டியதில்லை."

"நானே வாங்கக் கூடாதா டாக்டர்? இவங்களப் போட்டுக் கஷ்டப்படுத்திக்கிட்டு..."

"உங்ககிட்ட இருந்த அமைதியைத்தான் போன தடவை எடுத்தாச்சே. அது மறுபடி ஊற ஒரு வருஷம் ஆகுங்க்கா." பேச்சியம்மாள் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு அரிக்கும். நல்லாவே அரிக்கும். ஒரு மாசம் வேலைக்குப் போகாம இருந்தா நல்லது."

ரோஸ்லின் தன் மாதத்தை வீட்டில்தான் கழித்திருந்தாள். அப்போது புருஷன் கிளாட்வினுக்குக் கடலில் நல்ல மீன்பாடு, சோற்றுக்குக் குறைவில்லை.

"வேலைக்குப் போவலன்னா சோறு நீங்க போடுதியளாம்மா?" என்றாள் பேச்சியம்மாள். கோபமாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தாள். "அப்படின்னா ஒண்ணுங்க. இந்த ஒரு மாசம் இறால வெறுங்கையில தொடவே கூடாது. கிளவுஸ் போட்டுத்தானே வேலை செய்வீங்க?"

"போட்டுத்தாம்மா."

"எப்பவுமா?"

"போடலன்னா அந்தக் குரூஸ் சாரு உள்ளயே விடமாட்டாரு."

ரோஸ்லினும் ஆமாம் என்று தலையாட்டினாள். அதில் பொய் எதுவும் இல்லை. இருவர் மனசிலும் கிளவுஸ் என்றால் என்னவோ அதைத்தான் சொன்னார்கள். டாக்டர் மனசில் கிளவுஸ் என்றால் என்னவோ அதைத்தான் அவள் கேட்டுக்கொண்டாள்.

பிள்ளையை ஒரு கட்டிலிலும் பேச்சியம்மாளை இன்னொன்றிலும் போட்டார்கள். நடுவில் மிஷின் நின்றது, கல்யாண வீட்டுக் காப்பி டிரம் அளவுக்கு. குழாயில் ரத்தம் போய் வந்தது. ஜெசிந்தா அழுது ஓய்ந்து தூங்கிப்போனாள்.

"ஏ குடிகாரா, வாடா, வந்து சேரு" என்று பேச்சியம்மாள் குழாயைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு கிடந்தாள். "அத்த வீட்டுல ஒரு மாசம் இருந்துட்டுப் போ."

*

ஜெசிந்தா அந்த வாரமே தூங்க ஆரம்பித்தாள். முதல் தடவை அவள் அசையாமல் கிடந்தபோது ரோஸ்லின் பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. அதன் பிறகு ரோஸ்லினும் தூங்கினாள். நாலு வருஷத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குகிறவள் மாதிரி, காலைச் சங்கு ஊதியது தெரியாமல் கிடந்து, வேலைக்குப் பிந்தி, குரூஸிடம் ஏச்சு வாங்கினாள். அந்த ஏச்சு வலிக்கவே இல்லை.

பேச்சியம்மாளுக்குக் கழுத்தில் தொடங்கியது. பிறகு முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கடைசியில் விரல்கள். மேசை விளிம்பில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே உரித்தாள்.

"எப்பிடிக்கா இருக்கு?"

"இந்தக் கழுதையையா ஒன் பிள்ள நாலு வருசமா வச்சிருந்துச்சு? எனக்குன்னா ஊரையே கொளுத்திருப்பேன்."

மாதம் முடிந்தது. சொன்னபடியே கழுத்து ஆறியது. மடிப்புகள் ஆறின. விரல்கள் மட்டும் ஆறவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் வெடித்து, வெடிப்பு மேலே ஏறியது. அடுத்த மாதம் உள்ளங்கை. ஐஸும் குளோரின் தண்ணீரும் பட்டால் உயிர் போகும். மிளகாய் தொட முடியவில்லை, தலைமுடி பின்ன முடியவில்லை. மோர் ஊற்றிய சோற்றைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டாள்.

தோல் நிலையத்தில் அன்று டாக்டர் இல்லை. நர்ஸ் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பெட்டியில் வைத்தாள். எண் கீழே கிடந்தது. "சரியாயிட்டு. பழைய புண்ணுதான், காஞ்சுரும்" என்று பச்சைக் கார்டு கொடுத்து அனுப்பினாள்.

அந்தக் கார்டுதான் வினையானது. பேச்சியம்மாளின் மாதம் முடிந்த பிறகுதான் இறால் கம்பெனிகளுக்கெல்லாம் ஒரு விதி வந்திருந்தது. ரத்தத்தில் எண் ஏறியிருந்தால் அரைச் சம்பளத்தோடு ஓய்வு. எண் இறங்கியிருந்தால் வேலை. குரூஸ் கார்டைப் பார்த்தார். பிறகு பேச்சியம்மாளின் கையைப் பார்த்தார்.

"கார்டுல ஃபிட்டுன்னு இருக்கு. லீவு தர முடியாதும்மா."

"லீவு யாரு கேட்டா? மேசையில நிக்க விடுங்க."

"ரத்தம் கசியுற கையோட மேசைக்கு விட்டா என் சீட்டக் கிழிச்சிருவான்."

"நான் ஃபிட்டா இல்லியா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க சார்."

குரூஸ் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும்தான்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருந்தது. பேச்சியம்மாளைத் தரை கழுவ விட்டார். தரையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத்தான் கழுவ வேண்டும். விளக்குமாற்றுக் கம்பைப் பிடிக்கத் துணி சுற்றிக்கொண்டாள். சாயங்காலம் அந்தத் துணி பிரியாது, கையோடு ஒட்டியிருக்கும். தண்ணீரில் ஊறவைத்து ரோஸ்லின்தான் பிரித்துவிடுவாள்.

"நான் இப்பவே வாங்கிக்கிடுதேன். டாக்டரப் போயிக் கெஞ்சுவோம்."

"ஒனக்கு ஊற ஒரு வருசம் ஆவுமின்னுதான சொன்னா? வருசம் திரும்பட்டும். கைமாத்துக் குடுத்துட்டு மறுநாளே வாசல்ல போயி நிக்க மாட்டா இந்தப் பேச்சி."

ரோஸ்லின் தினமும் குழம்பு கொண்டுபோனாள், காரம் இல்லாமல். வாரம் ஒருநாள் பேச்சியம்மாளுக்குத் தலை தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டாள். ஒருதடவை ஜெசிந்தாவும் கூடப் போனாள். பிள்ளையின் தோல் இப்போது எண்ணெய் தேய்த்த மாதிரி இருந்தது. அவள் பேச்சியம்மாளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அத்த, இது எனக்கு இருந்துச்சே, அது."

"ஆமாட்டி, ஒன்னதுதான். பத்திரமா வச்சிருக்கேன்."

ரோஸ்லின் எழுந்து குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். குடம் நிறைந்துதான் இருந்தது.

*

வருஷம் திரும்பியது. ரோஸ்லின் குரூஸிடம் ஒரு மாதம் லீவு கேட்டு வாங்கினாள். கிளாட்வின் வலையைத் தைத்தபடி, "மறுபடியுமா? ஒனக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா?" என்றான். "வாங்குனதக் குடுக்கணும்லா" என்றாள். அவன் மறுபடி வலைக்குக் குனிந்தான். பிள்ளை தூங்குவதை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

இந்தத் தடவை டாக்டர் இருந்தாள். இருவரிடமும் ஒரு சொட்டு எடுத்தாள். பெட்டியைப் பார்த்தாள். பேச்சியம்மாளிடம் மறுபடியும் ஒரு சொட்டு எடுத்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"உங்களுக்கு நல்லா ஊறியிருக்குங்க்கா" என்றாள் ரோஸ்லினிடம். "நீங்க ரெடி. ஆனா இவங்ககிட்ட எடுக்க ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணும் இல்லியா?" ரோஸ்லின் பேச்சியம்மாளின் கைத்துணியைப் பிரித்து நீட்டினாள். "இது என்ன டாக்டர்?"

டாக்டர் அந்தக் கைகளை விளக்குக்குக் கீழே கொண்டுபோனாள். ரொம்ப நேரம் பார்த்தாள். உள்ளங்கை தடித்திருந்தது. நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் ஓரளவு தேவலை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் நுனியிலிருந்து பிளந்து கிடந்தன. இரண்டு கையிலும் ஒரே மாதிரி.

"ஏன் இந்த ரெண்டு விரல் மட்டும்? கிளவுஸ் போட்டேன்னு சொன்னீங்களே."

"போட்டுத்தாம்மா உரிச்சேன். ஒருநாள் கழட்டினதில்ல."

ரோஸ்லினின் கூடைக்குள் அன்று காலை வேலைக்குப் போட்ட கிளவுஸ் கிடந்தது. எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதை விரித்துப் பிடித்தாள். வெட்டிய இரண்டு ஓட்டை வழியாகவும் அவள் விரல் வெளியே வந்தது.

"இது கிளவுஸ் இல்லைங்க்கா."

"இதுதாம்மா கிளவுஸ்" என்றாள் பேச்சியம்மாள்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் பேசியபோது குரல் சோர்ந்து வந்தது.

"பாப்பாகிட்ட இருந்து மாத்தினது உங்க ரத்தத்துல ஓடிட்டு இருந்துச்சு. அந்த ஒரு மாசமும் வெடிச்ச விரல் வழியா இறால் உள்ள போயிட்டே இருந்திருக்கு. அது எங்க போச்சோ, ஆன்டிபாடி அங்கயே போய் உக்காந்துருச்சு. தோலுக்குள்ள. உங்க உடம்பும் அதப் பாத்துப் பழகிட்டு, அங்கயே கொஞ்சம் கொஞ்சமா செய்யுதுன்னு நெனக்கிறேன். ரத்தத்துல இப்ப ஆளே இல்லைங்க. மிஷின் ரத்தத்துல இருந்துதான் எடுக்கும்."

"வாடகைக்கு வந்தவன் வீட்டையே எழுதி வாங்கிட்டான்" என்றாள் பேச்சியம்மாள்.

"அப்ப எண்ணு?" என்றாள் ரோஸ்லின். "எண்ணு கொறஞ்சா தோலும் ஆறும்னிய."

"அது குழந்தைங்களுக்குங்க. பெரியவங்களுக்கு எண்ணும் தோலும் ஒண்ணாப் போகணும்னு இல்ல. எண்ணு ஒண்ணுமே இல்லாம தோல் வெந்து கிடக்கும். எண்ணு ஏறிக் கிடக்கும், தோல் பளபளன்னு இருக்கும். மிஷின்காரங்க பிள்ளைங்கள வச்சுத்தான் பாத்தாங்க. அதே எண்ண வச்சே உங்களுக்கும் கார்டு போட்டுட்டாங்க."

"சரியில்லாத எண்ண வச்சு எங்களுக்கு எதுக்கும்மா கார்டு?"

"வேற எண் அவங்ககிட்ட இல்லைங்க."

டாக்டர் கிளவுஸை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நான் அன்னிக்கே உங்க கிளவுஸக் காட்டுங்கன்னு கேட்டிருக்கணும். கேக்கல."

"கேட்டிருந்தாலும் நான் வெட்டித்தான் போட்டிருப்பேன்" என்றாள் பேச்சியம்மாள். "நரம்பு வரணும்லா."

ரோஸ்லின் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள். சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை நீட்டினாள். "நீங்க போடுங்க டாக்டர். கொஞ்சமாச்சும் வரும். வர்ற மட்டும் எடுங்க."

"வராதுங்க்கா."

"போட்டுத்தான் பாருங்களேன்."

"வராத எடத்துல இருந்து இழுத்தா அவங்களுக்குத்தான் கெடுதல்."

"தோலோட எடுக்க முடியாதா? எங்கையில இருந்து நல்ல தோல வெட்டி..."

டாக்டர் தலையை ஆட்டினாள். ஒரு களிம்பு கொடுத்தாள். தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள்.

"எறங்குட்டி, போவோம்" என்றாள் பேச்சியம்மாள். "அந்தக் கட்டில் இன்னொரு பிள்ளைக்கு வேணும்."

வெளியே பெஞ்சில் சண்முகத்தாயின் மகன் அம்மா மடியில் கிடந்து சொறிந்துகொண்டிருந்தான். பக்கத்தில் அவனுக்காக வாங்கப் போகும் இன்னொரு கொட்டகைக்காரி உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாள் நின்று, துணி சுற்றிய கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏளா, இந்த மாசம் வேலைக்குப் போவாத. அரைச் சம்பளத்துல அரப்பட்டினி கெட. போனியோ, இதுதான்."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "மிச்சச் சம்பளத்த வீட்டுல யாருக்கா குடுப்பா?" என்றாள்.

டாக்டரிடம் பேச்சியம்மாளே கேட்ட கேள்விதான் அது.

*

கொட்டகையில் விஷயம் பரவியது. மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சண்முகத்தாய் தொண்டையைச் செருமிக்கொண்டாள். சீட்டு முடிக்கும் நாளில் அப்படித்தான் செருமுவாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. ரோசு வாங்கப் போயிருக்கா. கையையும் நீட்டியிருக்கா. அங்கன எடுக்க ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டா. திருப்பிக் குடுக்கப் போனவ மேல குத்தம் கெடையாது. கைமாத்துக் கழிஞ்சுது. யாருக்கும் மறுபேச்சு உண்டா?"

யாருக்கும் மறுபேச்சு இல்லை. பெண்கள் வேகமாகத் தலையாட்டினார்கள். அந்த வருஷத்தில் அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளுக்கு இன்னொருத்தி உடம்பைக் கைமாத்தாக வாங்கியிருந்தார்கள். இது கழிந்தால் அவர்களுடையதும் கழியும். ஒருத்தி ரோஸ்லினின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "நிம்மதியாத் தின்னுட்டி" என்றாள் இன்னொருத்தி.

ரோஸ்லினுக்குச் சோறு இறங்கவில்லை. தூக்குச்சட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்து போனாள். கொட்டகையின் பின்பக்கம், இறால் தலைகள் குவிந்து கிடக்கும் சாக்கடை ஓரத்தில் பேச்சியம்மாள் தரை தேய்த்துக்கொண்டிருந்தாள். பிளீச்சிங் நெடி கண்ணைக் கரித்தது.

"கழிஞ்சுதுங்காவ அக்கா."

"கேட்டுச்சு. சண்முகத்தாயி சத்தம் தொறமொகம் வரைக்கும் கேக்குமே."

"நீ என்ன சொல்லுத?"

பேச்சியம்மாள் கம்பைச் சுவரில் சாய்த்தாள். கையைத் தொங்கவிட்டால் ரத்தம் இறங்கி வலிக்கும் என்று இரண்டு கையையும் நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒம்மேல எனக்குக் கோவம் கெடையாது. ஒன் பிள்ள தூங்குதா, எனக்குச் சந்தோசந்தான். கேட்டு வந்து நிக்கவும் மாட்டேன். ஆனா கழிஞ்சுதுன்னு மட்டும் எவளும் எங்கிட்ட சொல்லாதீங்க. எங்கையிலதான இருக்கு? எனக்குத் தெரியாதா?"

"காலம் பூரா ஒனக்குச் சோறு நான் பொங்கித் தாரேன்."

"தா. திங்குதேன். நீ வைக்கிற கொழம்புல உப்புதான் பத்த மாட்டேங்குது. ஆனா சோறு சோத்துக் கணக்கு. அத இதுல சேக்காத."

"வேற நான் என்னதாங்க்கா செய்ய?"

"ஒண்ணும் செய்ய முடியாது. அதத்தான டாக்டரு சொன்னா."

உள்ளே மணி அடித்தது. குரூஸ் கூப்பிடும் குரல் கேட்டது. பண்ணை இறால் லாரி வந்து நின்றுவிட்டது, பெட்டிகளை இறக்குகிறார்கள். ரோஸ்லின் நகராமல் நின்றாள்.

"போட்டி, ஏசப் போறான்" என்றாள் பேச்சியம்மாள். கம்பை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

ரோஸ்லின் மேசைக்குத் திரும்பிப் போனாள். எதிர்ப்பக்கமிருந்து சண்முகத்தாய், "என்ன சொன்னா? முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடியல" என்றாள் ரோஸ்லின். "ஒன் மண்டையில இருந்து அத எடுத்துறாத. அப்பிடியே வச்சுக்கோ. நான் பேச்சியக்காவுக்கு ஒரு மாச அரிப்பு பாக்கி."